சூரியன் வைத்த பொட்டு

இப்போதெல்லாம் சனங்களுக்கு எதையும் செல்போன் சொன்னால்தான் செய்யத் தோன்றுகிறது. எப்போது தண்ணீர் குடிப்பது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, சோற்றை எப்படி மெல்லுவது, எல்லாவற்றையும் அதற்குள் எவனோ உட்கார்ந்து சொல்கிறான். இவர்களும் தலையை ஆட்டுகிறார்கள். பெற்ற தாய் சொன்னால் எரிந்து விழுகிறவர்கள், முகம் தெரியாத ஒருத்தன் வேப்பங்கொட்டையைத் தின்னச் சொன்னால் தின்கிறார்கள். இதில் படித்தவன், படிக்காதவன் என்ற வித்தியாசமே இல்லை. படித்தவன் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தின்கிறான், அவ்வளவுதான்.

அடைக்கலம் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் கடலைக் கொல்லையில் களை வெட்டுவார். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது. யாரையும் நம்பிப் பழக்கமும் கிடையாது. உரக்கடைக்காரன் தராசில் வைத்துக் காட்டிய மூட்டையையும் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். டிவியில் மழை வரும் என்று சொன்னால் அன்றைக்குத்தான் கடலையைக் காயப்போடுவார்.

ஆனால் இந்தத் தடவை சங்கதி அவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

பொன்னமராவதி ரோட்டை ஒட்டினாற்போல் கிடக்கும் கண்மாய்க் கரையில், தை பிறந்ததிலிருந்து தினமும் காலையில் ஒரு கூட்டம் கிழக்கே பார்த்து நிற்கிறது. நிற்க வைத்தவன் கோபிநாத். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். நாற்பதைத் தாண்டியவன், குரலை உயர்த்திப் பேசாதவன். போனில் எவனோ ஒரு குரு சொன்னதைக் கேட்டு, சூரியனைக் கண் கொட்டாமல் பார்க்கிற பழக்கத்தைப் பிடித்துக்கொண்டான். முதலில் தனியாக நின்றான். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்மாய்க்குள் வீசினான். அதைப் பார்த்ததும் நாலு பேர் கூடிவிட்டார்கள். சூரியன் கண்ணுக்குச் சாப்பாடு, பார்க்கப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படாது, சர்க்கரை இறங்கும், மூட்டு வலி போகும் என்று சொன்னான். ஆரம்பத்தில் சிவப்பாக எழும்பும்போது மட்டும் பார்த்தார்கள். போகப்போக, சூரியன் ஒரு பனை உயரம் ஏறி வெள்ளையாகக் கொதிக்கிற வரைக்கும் நின்றார்கள்.

அப்படிப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒருநாள் பார்வைக்கு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி விழும். எங்கே பார்த்தாலும் அது கூடவே வரும். அதற்குக் கோபிநாத் வைத்த பெயர் பொட்டு. "சூரிய பகவான் ஒங்களுக்குன்னு பொட்டு வச்சுட்டாரு" என்பான். பொட்டு விழுந்தவர் நெற்றியில் சந்தனம் பூசி, கையில் கற்கண்டு கொடுப்பார்கள். விழாதவர்கள் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் அடைக்கலத்தின் மனைவி உண்ணாமலையும் போய் நின்றாள்.

அடைக்கலத்துக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துப் போடப் பழகியதோடு சரி. உண்ணாமலை எட்டாவது வரை படித்தவள். பஸ் போர்டு, ரேஷன் கடைச் சீட்டு, கரண்ட் பில், மாத்திரை அட்டை எல்லாம் அவள் படித்துச் சொன்னால்தான். ஒரே மகள் அன்புமொழி கட்டிக்கொடுத்த இடம் திருப்பூர். ஆகையால் அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்த கண்கள் உண்ணாமலையுடையவை மட்டும்தான்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் நெற்றியில் சந்தனத்தோடு வந்தாள். முகம் கொள்ளாத சிரிப்பு.

"என்னங்க, எனக்கும் விழுந்திருச்சு."

"எது? பல்லா?"

"பொட்டுங்க. சூரியன் வச்ச பொட்டு."

"எங்க, காட்டு பாப்போம்."

"அது எனக்குத்தான் தெரியும். இப்ப ஒங்க மூஞ்சி மேலதான் நிக்கிது."

அடைக்கலம் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "எம் மூஞ்சி மேலயா? அப்ப மூஞ்சி தெரியுதா இல்லையா ஒனக்கு?"

"காது தெரியுது. தோள்ல துண்டு தெரியுது. மூஞ்சியிலதான் பொட்டு இருக்குல்ல." அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இம்புட்டு வருசமா பாத்த மூஞ்சிதான? கொஞ்ச நாளைக்கிப் பாக்காட்டி ஒண்ணும் கொறஞ்சு போகாது."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளையிலேருந்து நீ அங்கிட்டுப் போகக் கூடாது."

"போகாம? பொன்னமராவதி டாக்டரு கண்ணாடி போடச் சொன்னப்ப என்ன சொன்னீங்க? கண்ணாடிக்காரனும் டாக்டரும் கூட்டுக் களவாணின்னீங்க. கண்ணாடி போட்டா கண்ணு சோம்பேறியாயிரும்னீங்க. சரி, கண்ணாடியும் வேணாம், மருந்தும் வேணாம், சும்மா நின்னு பாக்குறதுதான்னு போனா இதுக்கும் வேணாமா? நான் கண்ண மூடிக்கிட்டே கெடக்கவா?"

அடைக்கலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

ஆனால் அன்றிலிருந்து ஒன்றைக் கவனித்தார். உண்ணாமலை அவரிடம் பேசும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. காதைப் பார்த்துப் பேசினாள். சோறு போட்டுவிட்டுக் குழம்பு ஊற்றும்போதும் தட்டைப் பார்க்காமல் தட்டுக்குப் பக்கத்துத் தரையைப் பார்த்தாள். பின்னால் யாரோ வந்து நிற்கிறார்களோ என்று அடைக்கலமே இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் கண்மாய்க் கரையிலிருந்து வந்த கையோடு மாத்திரைகளைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. தினமும் நடக்கிறதுதான். அவர் பார்க்காமல் வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். பார்த்தாலும் அவருக்கு என்ன தெரியப் போகிறது? இரண்டும் வெள்ளை, இரண்டும் சிறியவை. அவசரத்தில் நீராகாரத்தை மட்டும் குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

வெயில் ஏறுவதற்கு முன்பே கை நடுங்க ஆரம்பித்தது. களைக்கொட்டு பிடியிலிருந்து நழுவியது. சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது, உடம்போ குளிர்ந்தது. கடலைச் செடிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. எழுந்து நடக்கலாம் என்று பார்த்தால் கால் தரையில் நிற்கவில்லை. வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். கத்த வேண்டும் என்று தோன்றியது. நாக்கு புரளவில்லை.

பக்கத்துக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த திருப்பதி பார்த்ததால் தப்பித்தார். அவன் ஓடிவந்து, தன் தூக்குவாளியில் இருந்த டீயை அவர் வாயில் சிறிதுசிறிதாகப் புகட்டினான். நல்ல இனிப்பு டீ. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. திருப்பதி அவரைத் தாங்கி வீட்டுக்குக் கூட்டிவந்து, கட்டிலில் கிடத்தியதும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அண்ணே, காலையில என்ன மாத்திர போட்டீங்க?"

உண்ணாமலை டப்பாவைக் கொண்டுவந்தாள். திருப்பதி இரண்டு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மதினி, ரெண்டும் புது அட்டையாட்டம் இருக்கு. பிரஷர் மாத்திர அட்டையப் பிரிக்கவே இல்லையே. சுகர் மாத்திரயிலதான் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு போயிருக்கு. ரெண்டும் சுகர் மாத்திரயாக் குடுத்துட்டீங்களா?"

"இல்லையே. பாத்துத்தான குடுத்தேன்." அவள் அட்டையை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு வலப்பக்கம் நகர்த்தினாள். இரை பார்க்கிற கோழி மாதிரி தலையைச் சாய்த்தாள். 

"படி" என்றார் அடைக்கலம் கட்டிலில் கிடந்தபடி.

அவள் படிக்கவில்லை.

"படி புள்ள."

"நேரா பாத்தா எழுத்து இல்லீங்க." குரல் இறங்கிப்போயிருந்தது. "ஓரமாப் பாத்தா மினுக்குன்னு வருது. சரின்னு அதப் பாத்தா ஓடிருது. எல்லாத்தையும் பொட்டு முழுங்கிருது."

 அடைக்கலம் எழுந்து உட்கார்ந்தார்.

"ஆனா இந்தப் பொட்டு பூவாட்டம் மலந்துரும்னு கோபி சொல்லிருக்கான்" என்றாள் அவள் வேகமாக. "பொட்டு மலந்துட்டா கண்ணு கண்ணாடியாட்டம் ஆயிருமாம். அதுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாப் பாக்கணுமாம். நாளைக்கி நானு எல்லாரும் போனதுக்கப்புறமும் நிக்கப் போறேன்."

"நிப்ப, நிப்ப. நான் இருக்கயில நின்னுருவ!"

அவர் கத்திய கத்தலில் திருப்பதி வாசலுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை அடைக்கலம் கண் விழித்தபோது அவள் பாயில் இல்லை. அவர் சட்டைகூடப் போடவில்லை. மாத்திரை அட்டை ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு கண்மாயைப் பார்த்து நடந்தார். நடக்க நடக்கக் கிழக்கு வெளுத்து, சிவந்து, சூரியன் கருவேல மரங்களுக்கு மேலே வந்துவிட்டது. ஓட முடியாத வயசு. ஆனாலும் ஓடினார்.

கரையில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு, வாயை லேசாகத் திறந்தபடி. ஒருத்தர்கூட இமைக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது; யாரும் துடைக்கவில்லை. சூரியன் ஒரு பனை உயரத்துக்கு ஏறியிருந்தது. கண்மாய்த் தண்ணீரிலும் இன்னொரு சூரியன் கிடந்து தகதகத்தது. உண்ணாமலை வரிசையின் கடைசியில் நின்றாள்.

அவர் நேராகப் போய் அவளுக்கும் சூரியனுக்கும் நடுவில் நின்றார். தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"தள்ளுங்க" என்றாள் அவள்.

"வீட்டுக்கு வா."

"தள்ளுங்கன்னா. இன்னைக்கித்தான் மலரப் போகுது. நடுவுல வந்து நிக்காதீங்க." அவள் அவரைச் சுற்றிக்கொண்டு ஓரமாக எட்டிப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார். அவள் இந்தப் பக்கம் வந்தாள். அவர் இங்கேயும் வந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

கோபிநாத் வந்துவிட்டான். "மாமா, கோவப்படாதீங்க. அத்த நல்ல நெலையில இருக்காங்க. இப்பக் கெடுத்துட்டா..."

"யார்ரா கெடுக்குறது?" அடைக்கலம் திரும்பினார். அப்போதுதான் பார்த்தார். கோபிநாத் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

அவர் துண்டைத் தாழ்த்தினார். வரிசையைப் பார்த்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவர்களில் சந்தனம் பூசிய நெற்றிக்காரர்கள் அத்தனை பேரும், அவர் தலைக்கு மேலேயோ தோளுக்குப் பக்கத்திலேயோ பார்த்தார்கள். ஒரு சோடிக் கண்கூட நேராக அவரிடம் வரவில்லை.

இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கோபிநாத்தின் கையில் திணித்தார்.

"இது என்ன மாத்திரைன்னு படிச்சுச் சொல்லு."

"எதுக்கு மாமா?"

"நீதான் கண்ணாடியத் தூக்கி எறிஞ்சவனாச்சே. படி. எனக்குத்தான் எழுத்து வராது. ஒனக்கு வரும்ல?"

கோபிநாத் அட்டையைப் பார்த்தான். கிட்டே கொண்டுவந்தான். தள்ளிப் பிடித்தான். தலையைச் சாய்த்தான். வரிசையில் இருந்தவர்கள் கிட்டே வந்து சூழ்ந்துகொண்டார்கள். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் இன்னும் படிக்கவில்லை.

"வெளிச்சம் கண்ணுல நிக்கிது. கொஞ்ச நேரத்துல சரியாயிரும்."

"எம்புட்டு நாளா இந்தக் கொஞ்ச நேரம்?"

கோபிநாத் கையை இறுக்கினான். அட்டை அவன் விரலுக்குள் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"கேக்குறேன்ல. எம்புட்டு நாளா?"

"தீபாவளிக்கி முன்னாலேருந்து" என்றான் கோபிநாத், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"அப்ப ஒனக்கு மலரலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மலரும். மலரும்னுதான் சொன்னாங்க." அவன் உதடு துடித்தது. ஏமாற்றுகிறவனின் முகமாக அது இல்லை. ஏமாற்றுகிறவனாக இருந்திருந்தால் அடைக்கலத்துக்குக் கை ஓங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குள் உண்ணாமலை அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கோபிநாத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாள்.

"கோபி. எம் மொகம் ஒனக்குத் தெரியுதா?"

"தெரியுது அத்த. சுத்தித் தெரியுது. முடி, தோடு..."

"நடுவுல?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான்.  கண்மாய்க்குள் ஒரு கொக்கு எழும்பிப் போனது. பிறகு வரிசையிலிருந்த பெண் ஒருத்தி முந்தானையால் கண்களைப் பொத்திக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். உண்ணாமலை அழவில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அடைக்கலத்தின் கையைத் தடவிப் பிடித்தாள். அந்தக் கை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்; ஆனாலும் தடவித்தான் பிடித்தாள்.

"வாங்க, ஆஸ்பத்திரிக்கிப் போவோம்."

புதுக்கோட்டையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கோபிநாத்தையும் திருப்பதிதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்தான். கோபிநாத்தை முதலில் உள்ளே அழைத்தார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவன் சுவரைத் தடவிக்கொண்டே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

உண்ணாமலையைப் பார்த்தது கார்த்திகா என்ற இளவயசு டாக்டர். சொட்டு மருந்து விட்டு, மிஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்து, கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டி எந்தக் கோடு அறுந்து தெரிகிறது என்று கேட்டார். உண்ணாமலை நடுவில் விரலை வைத்தாள். கம்ப்யூட்டரில் டாக்டர் காட்டிய படத்திலும், வரிவரியாக ஓடிய நிறங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது.

"இது பொட்டு இல்லம்மா, சூட்டுத் தழும்பு. பூதக்கண்ணாடிய வெயில்ல புடிச்சா கீழ இருக்க காயிதம் கருகுதுல்ல? அந்த மாதிரி. நம்ம கண்ணுக்குள்ளயும் ஒரு லென்ஸ் இருக்கு. நேரா சூரியனப் பாத்துக்கிட்டே நின்னா, எழுத்துப் படிக்கிற எடம் எதுவோ, மொகம் பாக்குற எடம் எதுவோ, அதப் போயிச் சுட்டுருது."

"சுட்டா வலிக்கணும்ல?" என்றார் அடைக்கலம். அதுவரை சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். "இவளுக்கு ஒருநாளும் வலிக்கலையே. கொள்ளிக்கட்ட பட்டா எனக்கு வலிக்கிது. அடுப்புல கை பட்டா வலிக்கிது. இது மட்டும் எப்புடி வலிக்காம சுடும்?"

"கண்ணுக்குப் பின்னாடி இருக்க அந்தத் திரைக்கு வலி தெரியாதுங்க ஐயா. அதுதான் இதுல ஆபத்தே. வலிச்சிருந்தா அன்னைக்கே திரும்பியிருப்பாங்க."

"எங்கப்பன் பாட்டன் எல்லாம் காலையில சூரியனக் கும்பிட்டவய்ங்கதான். ஒருத்தனுக்கும் கண்ணு போகல."

"கும்பிடும்போது கண்ண மூடிக்குவோம் ஐயா."

உண்ணாமலை லேசாகச் சிரித்தாள். அடைக்கலம் அவளை முறைத்தார்.

"சரி, மருந்து எழுது. வாங்கிட்டுப் போறோம்."

"இதுக்கு மருந்து இல்லைங்க."

"ஊசி?"

"ஊசியும் இல்ல, ஆப்பரேசனும் இல்ல. இனிமே சூரியனப் பாக்காம இருக்கணும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டும் பாக்கக் கூடாது. நிறைய பேருக்கு மாசக்கணக்குல மெல்ல மெல்லத் தெளியும். அம்மா சீக்கிரம் நிறுத்திட்டாங்க, அதனால நம்பிக்கை இருக்கு. ஆனா முழுசாத் தெளிஞ்சிரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." டாக்டர் அடைக்கலத்தின் பக்கம் குனிந்து பார்த்தார். "ஐயா, ஒங்க வலது கண்ணுல மூக்குப் பக்கமிருந்து சதை வளந்து வருதே, அதுவும் வருசக்கணக்கா வெயில்ல நிக்கிறதாலதான். கொல்லைக்குப் போறப்ப தொப்பியும் கண்ணாடியும்..."

"அது எங்கப்பனுக்கும் இருந்துச்சு."

"அவரும் வெயில்லதான வேல பாத்திருப்பாரு?"

அடைக்கலம் துண்டை உதறித் தோளில் போட்டார்.  மருந்துச் சீட்டு கிடையாது, ஊசி கிடையாது, தெளியும் என்ற வாக்கும் கிடையாது. வலிக்காத காயம் என்று ஒன்று இருக்கிறதாம். அதை அவர் நம்ப வேண்டுமாம். கோபிநாத் மலரும் என்றான். இந்தப் பொண்ணு தெளியும் என்கிறது. இரண்டு பேருமே காத்திருக்கத்தான் சொல்கிறார்கள்.

"நாங்க வாரோம்" என்றார்.

உண்ணாமலை நாற்காலியை விட்டு எழவில்லை. "மறுபடி எப்பத் தாயி வரணும்?"

"அடுத்த மாசம் வாங்கம்மா. படம் எடுத்துப் பாத்துருவோம்."

"அடுத்த மாசமும் மருந்தில்லைன்னு சொல்றதுக்கா? எந்திரி" என்றார் அடைக்கலம்.

"நான் வருவேன்" என்றாள் அவள், கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி. "நீங்க இஷ்டம் இருந்தா கூட வாங்க. இல்லாட்டி திருப்பதியோட ஒரு ஆட்டோ புடிச்சு வந்துக்கிறேன். எனக்கு எம் பார்வ வேணும்."

அவர் கோபிநாத்தோடு பெஞ்சில் இருந்த திருப்பதியைக்கூடக் கூப்பிடாமல் வெளியே வந்தார். நடையைத் தாண்டி, டோக்கன் கொடுக்கிற இடத்தைத் தாண்டி, கேட்டைக் கடந்து ரோட்டில் இறங்கினார். உச்சி வெயில் தார் ரோட்டில் பட்டு முகத்தில் அடித்தது. பின்னால் உண்ணாமலையின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முந்தானையை நெற்றி மறைய இழுத்து விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஓரமாக வந்துகொண்டிருந்தாள். எதிரே வந்த மொபெட் ஒன்று அவளை உரசினாற்போல் போனது. அவர் நின்று, அவள் வந்து சேர்ந்ததும் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்கலையாம், ஆனா வெந்துருச்சாம்" என்று முனகினார். "யார்கிட்ட சொல்றாய்ங்க."

பிடித்த கையை விடாமல், வெறுந்தலையோடு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.